தண்ணீரைத் தேடிப்போகும் அடுப்பு

(சமையலறை மின்சாதனங்கள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு நுண்ணலை அடுப்பு. மைக்ரோவேவ் என்றால்தான் பலருக்குப் புரியும். அதன் அன்றாடப் பயன்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு மைக்ரோவேவில் எத்தனை பொத்தான்கள் இருக்கின்றன? பதினைந்து, இருபது இருக்கும். அவற்றில் நீங்கள் தொடுவது எத்தனை? நம் வீடுகளில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அந்த முப்பது விநாடிப் பொத்தான். நேற்றைய குழம்பா? முப்பது விநாடி. ஆறிப்போன காப்பியா? முப்பது விநாடி. போதவில்லையா? இன்னொரு முப்பது விநாடி. மற்ற நேரமெல்லாம் அது ரொட்டிப் பொட்டலமும் மருந்து டப்பாவும் வைக்கிற அலமாரி.

சில வீடுகளில் அந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. “அதுல வச்ச சாப்பாட்டைச் சாப்பிட்டா புற்றுநோய் வருமாமே!” என்று ஒரு பயம். எனக்கு முன் பேசியவரும் கதிர்வீச்சு என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிவிட்டு அமர்ந்தார்.

ஆக, ஒரு பக்கம் அலட்சியம், மறுபக்கம் அச்சம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால், எதற்கு அது உதவும், எதற்கு உதவாது, உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சாக்லேட் சொன்ன சேதி

1945ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ரேதியான் என்ற நிறுவனம் ராடார் கருவிகளைச் செய்துகொண்டிருந்தது. அங்கே பெர்சி ஸ்பென்சர் என்று ஒரு பொறியாளர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர், வேலையிலேயே கற்றுக்கொண்டவர். ராடார் அலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரான் குழாயின் அருகே அவர் நின்றபோது, சட்டைப் பையில் இருந்த சாக்லேட் உருகிவிட்டது. வேறொருவராக இருந்தால் சட்டை பாழாயிற்றே என்று போயிருப்பார். அவர் மக்காச்சோளத்தை அதன் அருகே வைத்துப் பார்த்தார். பொரிந்தது! அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1947இல் வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம், ஏறக்குறைய 340 கிலோ எடை. வீட்டுச் சமையலறையில் மேசைமேல் வைக்கிற அளவுக்கு அது சுருங்கி வந்தது 1967இல்.

சரி, சாக்லேட் ஏன் உருகியது? இந்த அலையின் மின்புலம் ஒரு விநாடிக்கு 245 கோடி முறை திசை மாறி மாறி அதிர்கிறது. உணவில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அந்தத் திசைக்கு ஏற்பத் திரும்பத் துடிக்கின்றன. தைப்பூசக் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினால் என்ன ஆகும்? இடிபாடுதான். அந்த இடிபாடுதான் இங்கே சூடு. கொழுப்பும் சர்க்கரையும்கூட ஓரளவு சூடாகும். ஆனால் முதல் இடம் தண்ணீருக்குத்தான்.

கேஸ் அடுப்பு பாத்திரத்தைச் சுடவைக்கும், பாத்திரம் உணவைச் சுடவைக்கும். இதுவோ பாத்திரத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீரைத் தேடிப்பிடிக்கும். தண்ணீரைத் தேடிப்போகும் அடுப்பு. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக் காதும் உலக்கையும்

இப்போது கதிர்வீச்சுக்கு வருகிறேன். அந்தச் சொல்லே நம்மை மிரட்டுகிறது. விளக்கு வெளிச்சமும் ஒரு கதிர்வீச்சுதான், வானொலி அலையும் கதிர்வீச்சுதான். எக்ஸ்-ரே போன்றவற்றுக்கு அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்து, உடலின் உயிரணுவைச் சிதைக்கும் வலிமை உண்டு. நுண்ணலைக்கு அந்த வலிமை கிடையாது. அதனால் சூடாக்கத்தான் முடியும். உணவை அது கதிரியக்கப் பொருளாக மாற்றுவதில்லை. விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் அறைக்குள் தங்கியிருக்குமா? அதுபோல, கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும். உணவில் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது.

கதவின் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஓர் உலோக வலை தெரிகிறதே, அது அலங்காரத்திற்கு அன்று. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். வலையின் ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஊசிக் காதுக்குள் உலக்கை நுழையுமா? ஆகவே கவனிக்க வேண்டியது கதவைத்தான். கதவு வளைந்திருந்தாலோ, சரியாக மூடவில்லை என்றாலோ, உள்ளே துரு ஏறியிருந்தாலோ அந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். உடலில் இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

“சத்தெல்லாம் போய்விடுமே” என்பது அடுத்த கவலை. வைட்டமின் சி போன்ற சத்துகள் நீரில் கரைபவை. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டும்போதுதான் அவை அதிகம் போகின்றன. மைக்ரோவேவில் தண்ணீரும் குறைவு, நேரமும் குறைவு. அதனால் இத்தகைய சத்துகள் பெரும்பாலும் நன்றாகவே மிஞ்சும்.

ஈரம் இருந்தால் மென்மை, ஈரம் போனால் மொறுமொறுப்பு

இனி, பயன்கள். இதற்கும் அதே விதிதான். ஈரத்தை மூடிவைத்தால் ஆவியில் வேகும். ஈரத்தை வெளியே விட்டால் வறுபடும்.

மூடிவைக்கும் வேலைகளை முதலில் பார்ப்போம். 200 கிராம் பயற்றங்காயையோ பீன்ஸையோ நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஒரு தட்டால் மூடி மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். பிறகு கடுகு, உளுந்து, தேங்காய்ப்பூ தாளித்துக் கொட்டினால் பொரியல் தயார். நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்றை முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தி வைத்தால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். கத்திரிக்காய்க்கும் அப்படித்தான். ஓட்டோடு முட்டையை வைக்கவே கூடாது. காய்ந்துபோன இட்லி, புட்டு, இடியாப்பத்தின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி ஒரு நிமிடம் வைத்தால், இட்லிச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தாற்போல் இருக்கும். சப்பாத்தியை ஈரத் துணியில் சுற்றி இருபது விநாடி போதும். அதற்கு மேல் போனால் ரப்பர்தான். தோசையைத் தயவுசெய்து அதில் வைக்காதீர்கள், தோசைக்கல்லுக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்தது மூடாமல் செய்யும் வேலைகள். இவை நம் சமையலறைக்கென்றே அமைந்தவை. ஓர் அப்பளத்தை நேராக வையுங்கள். நாற்பது முதல் அறுபது விநாடியில் எண்ணெயே இல்லாமல் பொரிந்துவிடும். இரத்தக் கொழுப்பு இருப்பவர்களுக்கு இது ஒரு வரம். நாசி லெமாக்குக்கு இக்கான் பிலிஸ் வேண்டுமா? கழுவித் துடைத்து, சமையலறைத் தாளின்மேல் பரப்பி, நிமிடத்திற்கு ஒருமுறை கிளறி, இரண்டு மூன்று நிமிடம். வேர்க்கடலைக்கும் இதே முறை. கறிவேப்பிலை வாடப்போகிறதா? கழுவி ஈரம் துடைத்து ஒரு நிமிடம், வேண்டுமானால் இன்னும் அரை நிமிடம். நிறம் மாறாமல் காய்ந்து, பொடிக்கு ஆகிவிடும். நம் ஊரின் ஈரக்காற்றில் தீபாவளி முறுக்கு மூன்றே நாளில் நமுத்துப்போகிறதே, அதை இருபது முப்பது விநாடி வைத்து எடுத்து, ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோடு கடித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

சம்பலுக்குப் பெலாச்சான் சுடும்போது பக்கத்து வீட்டுக்காரர் சன்னலை மூடுகிறாரா? சின்னத் துண்டாக்கி, மூடிய கிண்ணத்தில் அரை நிமிடம் வையுங்கள். வாடை பாதியாகும். பூண்டுப் பல்லைப் பத்து பதினைந்து விநாடி வைத்தால் தோல் கையோடு கழன்று வரும். எலுமிச்சம்பழத்தையும் அவ்வளவு நேரம் வைத்துப் பிழிந்தால் சாறு தாராளமாக வரும். வாழை இலையைச் சில விநாடி வாட்டினால் கிழியாமல் மடியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. காய்ந்த பொருளில் தண்ணீர் குறைவு. அது தீர்ந்ததும் கருகும், புகையும், தீப்பிடிக்கவும் கூடும். வறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே தீப்பிடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள், சுவரிலிருக்கும் மின்விசையை அணையுங்கள். காற்றில்லாமல் தீ தானாக அடங்கும். எண்ணெய் காய்ச்சும் வேலையும் இதற்கு வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பற்றியும் கேட்பார்கள். நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் வைத்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் கிருமிகள் செயலிழந்ததாக அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். ஈரமில்லாத பஞ்சை வைத்தால் அது எரியும், அதிலும் உலோக இழை இருக்கக் கூடாது. ஆனால் 2017இல் வெளிவந்த ஜெர்மனி ஆய்வு ஒன்றில், அடிக்கடி சுத்தப்படுத்தியதாகச் சொல்லப்பட்ட பஞ்சுகளிலும் கிருமிகள் குறைவாக இல்லை. எனவே பஞ்சை அவ்வப்போது தூக்கிப்போட்டுப் புதிதாக எடுப்பதே முறை.

ஓரத்தில் கொதி, நடுவில் குளிர்

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அது கதிர்வீச்சில் இல்லை, நம் சோற்றுத் தட்டின் நடுவில் இருக்கிறது.

மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வேகவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் நுழையும். அதற்கு உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் போக வேண்டும். உள்ளே அலை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. அதற்காகத்தான் தட்டு சுற்றுகிறது. ஓரத்தில் குழம்பு கொதிக்கும், நடுவில் கோழிக்கறி ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லென்ற இடத்தில்தான் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

எனவே உணவைத் தட்டின் ஓரமாக வளையம்போல் பரப்பி, நடுவில் இடம் விடுங்கள். மூடுங்கள். பாதி நேரத்தில் வெளியே எடுத்துக் கிளறுங்கள். மணி அடித்ததும் அள்ளி வாயில் போடாமல் ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், சூடு பரவட்டும். உணவின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், எல்லாப் பக்கமும் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தட்டு வைத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். இருக்கிற அலையை இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன அல்லவா? சமையல் குறிப்பில் 1,000 வாட்டில் மூன்று நிமிடம் என்றிருந்தால், உங்கள் 800 வாட் அடுப்பில் மூன்றே முக்கால் நிமிடம் வையுங்கள்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் வடித்த சோறு இரவு வரை வெளியே இருக்கிறது, “மைக்ரோவேவில் சுடவைத்தால் சரியாகிவிடும்” என்கிறோம். சரியாகாது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சுடவைத்தாலும் அழியாது. மீந்த சோற்றை அகலமான, ஆழமில்லாத டப்பாவில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சுடவைப்பது ஒருமுறைதான். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுடவையுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீரை நெடுநேரம் சுடவைத்தால், அது கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். காப்பித்தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டு வையுங்கள், அளவாகச் சுடவையுங்கள். குழந்தையின் பால் புட்டியை அதில் வைக்கவே வேண்டாம். புட்டி வெளியே இளஞ்சூடாக இருக்கும், உள்ளே பால் ஓரிடத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்நீரில் புட்டியை நிற்கவைக்கும் பழைய முறையே நல்லது.

எந்தப் பாத்திரம்?

எவர்சில்வர் கிண்ணம், தங்க விளிம்பு வைத்த தட்டு, அலுமினியத் தாள் இவை வேண்டாம், தீப்பொறி பறக்கும். மெலமின் தட்டும் வேண்டாம். கண்ணாடி, பீங்கான் நல்லவை. ஆனால் மைக்ரோவேவுக்கு உகந்தது என்று குறித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றாலும் அதே குறிப்பைப் பாருங்கள். உணவங்காடியில் வாங்கிவந்த கோழிச் சோற்றைப் பொட்டலத்தோடு வைக்காதீர்கள். அந்தப் பழுப்புத் தாளின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், சில நேரம் கம்பிப்பின்னும் இருக்கும். தட்டுக்கு மாற்ற ஆகும் நேரம் பத்து விநாடிதான்.

பாத்திரத்தில் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. வெறும் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் சுடாமல் இருந்தால் அது ஆகும். பாத்திரம் சுட்டால் ஆகாது. உலோகப் பாத்திரத்துக்கு மட்டும் இந்தச் சோதனையும் வேண்டாம்.

யாருக்காக இதெல்லாம்?

அன்பர்களே, “இது சோம்பேறிகளின் அடுப்பு” என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை.

2030ஆம் ஆண்டில் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதையோ அதற்கு மேலோ எட்டியிருப்பார் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீவக வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். முழங்கால் வலி, மறதி வேறு. அடுப்பில் வைத்ததைக் கவனிக்காமல் விடுவது, வீடுகளில் தீ மூளுவதற்கு முக்கியக் காரணம் என்று குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பாட்டி கேஸை மூட்டிவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால்? அந்தப் பயத்தில் பிள்ளைகள், “அம்மா, நீங்க அடுப்புப் பக்கமே போகாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாட்டி மதியம் பிஸ்கட்டும் தேநீரும் சாப்பிட்டு நாளை ஓட்டுகிறார். மைக்ரோவேவ் இருக்கிறதே என்றால், “எந்தப் பொத்தானை அமுக்குறதுன்னு தெரியலப்பா” என்கிறார். பொத்தானில் இருப்பதோ ஆங்கிலம்.

குறித்த நேரத்தில் தானாக நிற்கும் அடுப்பு இது. மூத்தவர்களுக்கும், பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கும்தான் இது முதலில் தேவை. அவர்களுக்குத்தான் நாம் சொல்லித்தருவதே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முப்பது விநாடிப் பொத்தானில் ஒரு பச்சை ஒட்டுப்படம், நிறுத்தும் பொத்தானில் ஒரு சிவப்பு. சாம்பாரையும் கறியையும் ஒருவேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறையவைத்து, மேலே தமிழில் எழுதுங்கள்: “இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கவும். சுடவைக்கும்போது பச்சை மூன்று முறை, கிளறவும், மறுபடி இரண்டு முறை.” எத்தனை முறை என்பதை உங்கள் அடுப்பில் ஒரு தடவை சோதித்து எழுதுங்கள். பாட்டியின் பக்கத்தில் நின்று, அவர் கையாலேயே இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்துகாட்டினால் போதாது, அவர் விரல் அதற்குப் பழக வேண்டும்.

அப்படியே அடுப்பு இருக்கும் உயரத்தையும் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியின்மேல் ஏற்றி வைத்திருந்தால் இறக்குங்கள். பிள்ளை எக்கி எடுக்கும்போது கொதிக்கும் மீ சூப் முகத்தில் கொட்டும். எடுக்கிறவரின் முகத்துக்குக் கீழே அடுப்பு இருக்க வேண்டும். பக்கத்தில் கனமான துணியோ கையுறையோ தொங்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது ஆவி எதிர்ப்பக்கம் போகும்படி திறக்கக் கற்றுக்கொடுங்கள். அடுப்பின் தலைமேல் இருக்கும் ரொட்டியையும் மருந்தையும் எடுத்துவிடுங்கள், அதற்கும் காற்று வேண்டும். மின்செருகியை நேராகச் சுவரில் மாட்டுங்கள், பலர் பங்குபோடும் நீட்டுக்கம்பியில் வேண்டாம்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. பயப்படுகிறவர்களிடமும் அலட்சியப்படுத்துகிறவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் யாருக்குத் தெரியாதோ அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். நாளை மதியம் தனியாக இருக்கும் ஒரு தாய், நடுவிலும் ஆவி பறக்கிற சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டால், அந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு செரித்துவிடும்.